ஸ்வெட்டருக்கு ஒரு தப்பு

அத்தியாயம் 9

நாற்பத்தொரு ஸ்வெட்டர்கள் திரும்பி வந்திருந்தன. நாற்பத்தொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு.

இடது கையின் மணிக்கட்டுப் பட்டியிலிருந்து பதினோராவது வரிசை. தையலோரத்திலிருந்து ஒன்பதாவது பின்னல் கண். மற்ற கண்களெல்லாம் நேரே பார்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது.

ரிப்பேர் அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிப் பலகையின் மேல் விரித்தாள். பலகைக்கு அடியில் விளக்கு எரிந்தது. பின்னலில் எங்கே ஒரு கண் நழுவியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்துவிடும். நழுவிய கண்ணைக் கொக்கி ஊசியால் பிடித்து, வரிசை வரிசையாக மேலே ஏற்றி, இருந்த இடம் தெரியாமல் மூடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. அவள் "போகலாம்" என்று சொன்னால்தான் தம்பியின் தொழிற்கூடத்திலிருந்து ஓர் உருப்படி வெளியே போகும். வாங்குகிறவர்கள் தம்பியின் கையெழுத்தைக்கூட இரண்டு தடவை பார்ப்பார்கள். அக்காவின் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பிக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தது, நல்ல ஸ்வெட்டரில் பழுது போடும் வேலை. உருப்படிக்கு ஒன்று.

"கிழிச்ச ஜீன்ஸ் மாதிரி இது ஒரு ஃபேஷன், அக்கா. கேள்வி கேட்காம பண்ணு" என்று தம்பி சொல்லியிருந்தான். பண்ணினாள். போன வாரம் ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் ஒரே பிறந்தநாள் விருந்துக்கு ஒரே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய், கையோடு கை வைத்துப் பார்த்து, கடையில் போய்ச் சத்தம் போட்டார்கள். விஷயம் பரவி ஸ்வெட்டர்கள் திரும்பத் தொடங்கின. திரும்பியவற்றின் கழுத்தில் தொங்கிய அட்டையை அப்போதுதான் அக்கா முதல் தடவையாகப் பார்த்தாள்.

அட்டையில் அவள் முகம். தொழிற்கூடத்து ஆல்பத்துக்கு என்று தம்பி எடுத்த படம். முகத்துக்குக் கீழே ஒரு வரி: "முழுக்க இந்தத் தாயின் கையால் பின்னியது. நீங்கள் காணும் சிறு தப்பு, அந்தக் கையின் அடையாளம்."

படித்த நிமிஷத்திலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாதத்தில் தலைமயிர் கிடந்ததுபோல் எதை எடுத்தாலும் குமட்டியது.

தம்பி உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, பத்து மணிக்கு டிசைனர் நேர்லயே வர்றார்."

"வரட்டும். இந்த அட்டையை அவர் மூஞ்சியிலயே காட்டறேன்."

"கேமராவோட வர்றார்."

"கேமரா எதுக்கு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஒண்ணுமில்லை. நீ பின்னற மாதிரி ஒரு மூணு நிமிஷம். 'நான்தான் கையால பின்னினேன்'னு ஒரு வார்த்தை. அதைச் சண்டை போட்டவங்களுக்கு அனுப்பிட்டா வாயை மூடிக்குவாங்க."

"எனக்குப் பின்னவே தெரியாதேடா!"

"இருபத்திரண்டு வருஷமா இதுலதானே இருக்கே?"

"செருப்புத் தைக்கிறவன் மாட்டையா வளர்க்கிறான்? ஓட்டையை மூடத் தெரியும் எனக்கு. அவ்வளவுதான்."

தம்பி சிரிக்கவில்லை. "இந்த ஆர்டர் போச்சுன்னா பதினாறு மெஷின் நிக்கும். கழுத்து இணைக்கிற லிங்கிங் பொண்ணுங்க இருபது பேரை வீட்டுக்கு அனுப்பணும். யோசிச்சுக்கோ."

"நான் அப்படிச் சொல்லிட்டேன்னா, அப்புறம் நான் 'போகலாம்'னு சொல்றதை எவன் நம்புவான்? அதையும் நீயே யோசிச்சுக்கோ."

 வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், நல்லவேளை என்பதுபோல் தம்பி ஓடினான்.

டிசைனருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வந்தாலும் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். சலவைப் பகுதியில் வேலை செய்யும் சோப்பு அவருக்கு வைத்த பேர் கூலிங் கிளாஸ். சோப்புக்கும் அது பட்டப்பேர்தான். எந்நேரமும் முழங்கை வரை நுரையோடு நிற்பவள். கூலிங் கிளாஸ் ஒரு நாளும் கம்பளி போட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அரிக்குமாம்.

அவர் பின்னால் கேமராக்காரர், ஒலிப்பதிவுக்காரர். அவர்களுக்கும் பின்னால், கடையின் கறுப்புச் சீருடையில் அக்காவின் மகள். டிசைனர் கம்பெனியின் பெரிய கடையில் அவளுக்கு விற்பனை வேலை.

"நீ எங்கடி இங்கே?" என்றாள் அக்கா.

"சார் கூப்பிட்டார்ம்மா" என்று மகள் எங்கோ பார்த்தாள்.

"வணக்கம்மா!" கூலிங் கிளாஸின் வாயில் அந்த 'அம்மா' பாகு மாதிரி வழிந்தது. அக்கா தன்னையறியாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "தப்பு பண்ணச் சொன்னா, தப்பையும் இவ்வளவு ஒழுங்காப் பண்ணி வெச்சிருக்கீங்களேம்மா! எல்லாம் ஒரே இடம்!"

"அங்கேதான் துணி தாங்கும். பக்கத்துல தையல் பிடிச்சிருக்கு. வேற இடத்துல கண்ணை முறுக்கினா நாலு துவைப்புல ஓட்டை விழுந்துடும்."

"விழட்டுமே."

"விழுந்தா ஸ்வெட்டர் போச்சுங்களே!"

"இன்னொண்ணு வாங்குவாங்கம்மா." அவர் சிரித்தார். "ஒரே மாதிரி தப்பு பண்றது மெஷின். மனுஷங்கன்னா இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணுன்னு சிதறணும். இனிமே அப்படிப் பண்ணுங்க."

அக்கா ஒரு ஸ்வெட்டரை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பினாள்.

"இதுல தப்பு எதுக்குங்க? இதைப் பாருங்க. தோளை வெட்டி ஒட்டலை. கண்ணைக் குறைச்சுக் குறைச்சு, தோள் வடிவத்துக்கே பின்னியிருக்கு. கழுத்தைப் பாருங்க. லிங்கிங் பொண்ணு ஒவ்வொரு கண்ணையும் ஒவ்வொரு முள்ளுல மாட்டி இணைச்சிருக்கா. ஒரு கழுத்துக்கு இருநூத்திச் சொச்சம் கண்ணு. ஒண்ணு தவறினாலும் என்கிட்ட வந்துடும்." கழுத்தை இரண்டு கையாலும் நன்றாக இழுத்து விட்டாள். மூச்சை விட்டதுபோல் அது பழைய இடத்துக்குத் திரும்பியது. "நூல் நீள ரோமம். லேசுல உருண்டை கட்டாது. தைரியமா இதைச் சொல்லியே விக்கலாம். இதுக்கு அந்த விலை தகும்."

"தகும்மா. யாரு இல்லைன்னா?" கூலிங் கிளாஸ் கழுத்தைத் தொடக்கூட இல்லை. "ஆனா உள்பக்கத்தை எவன் திருப்பிப் பார்க்கிறான்? நல்லா இருக்குன்னு சொன்னா பேரம் பேசுவாங்க. ஒரு அம்மா முதுகு ஒடியப் பின்னினாங்கன்னா பேச மாட்டாங்க. பேச வெட்கமா இருக்கும். இது என் மூளை இல்லைம்மா. உங்க பொண்ணு மூளை. அதுக்குத்தானே அவளை சூப்பர்வைசர் ஆக்கினேன்!"

அக்கா மகளைப் பார்த்தாள். மகள் தன் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கேமராக்காரர் சாம்பிள் அறையில் விளக்குகளை மாட்டப் போனார். அக்கா மகளின் முழங்கையைப் பிடித்து ரிப்பேர் அறைக்குள் இழுத்து வந்தாள்.

"நீயா?"

"அம்மா, முழுசாக் கேளு."

"நீயா, இல்லையா?"

"கடைக்கு வந்த ஒரு அம்மா, ஸ்வெட்டர் கையில முறுக்கின கண்ணைப் பார்த்துட்டுக் குதிச்சாங்க. இந்த விலைக்கு இப்படியான்னு. அது ரிப்பேர்ல தப்பிச்சு வந்த உருப்படி. அன்னிக்கு உனக்குக் காய்ச்சல், லீவு. என்ன சொல்றதுன்னு தெரியாம, 'அது எங்க அம்மா கை பட்ட இடம் மேடம், அவங்க கண்ணு மங்கிடுச்சு'ன்னு வாயில வந்துடுச்சு."

"என் கண்ணு மங்கிடுச்சா?"

"அந்தம்மா அழுதுட்டாங்கம்மா. நிஜமா அழுதாங்க. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிட்டுப் போனாங்க. சார் பின்னாடி நின்னு கேட்டுட்டிருந்தார்."

 யாரென்றே தெரியாத ஒருத்தி அக்காவுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, அந்தக் கண்ணீரையும் பையில் போட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"உள்பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டலையா? ஆறு மாசம் காட்டினேன்! லிங்கிங்னேன், நீள ரோமம்னேன். கொட்டாவி விட்டாங்கம்மா. ஒருத்தர் 'பாத்ரூம் எங்கே இருக்கு'ன்னு கேட்டார். நீ சொல்றதெல்லாம் நிஜம். நிஜத்தைச் சொன்ன மாசமெல்லாம் நான்தான் விற்பனையில கடைசி."

"அதுக்கு அம்மாவைக் குருடியாக்குவியா?"

"குருடின்னு சொல்லலை. மங்கிடுச்சுன்னுதான் சொன்னேன்."

 ஒரு கண்ணும் நழுவாத பதில். எங்கே கற்றாள் என்று கேட்க அக்கா வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

சாம்பிள் அறையில் ஒரு மர நாற்காலியைப் போட்டிருந்தார்கள். சுவரில் புதிதாகப் பூசியிருந்த வெள்ளைக்கு மேல் அழுக்குத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மெஷின்களின் இரைச்சல் கேட்கக் கூடாதென்று பதினாறையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லிங்கிங் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா கையில் இரண்டு பின்னல் ஊசிகளைக் கொடுத்தார்கள். கேமராக்காரர் கிட்டே வந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சார், கை சரியில்லை."

"என் கைக்கு என்ன?" என்றாள் அக்கா.

"ரொம்ப மழமழன்னு இருக்கும்மா. பேங்க்ல வேலை பார்க்கிறவங்க கை மாதிரி இருக்கு."

வாசலில் சிரிப்பு கேட்டது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ரிப்பேர் வேலைக்குக் கை அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று. தோலில் ஒரு சொரசொரப்பு இருந்தால் போதும், அந்த மெல்லிய நூல் சிக்கி இழுபட்டுவிடும். தினமும் இரண்டு வேளை கிரீம் தடவி, தோலை ராவி, நகத்தைத் தேய்த்து அக்கா காப்பாற்றி வைத்திருக்கும் கை அது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட ரப்பர் உறை போட்டுக்கொள்வாள்.

"கொஞ்சம் வெடிப்பு வெடிப்பா, பாவமா ஒரு கை கிடைக்குமா?" என்றார் கூலிங் கிளாஸ், கடையில் வெங்காயம் கேட்பதுபோல.

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சலவைப் பகுதியில ஒருத்தி இருக்கா."

சோப்பு ஓடி வந்தாள். "என் கை சினிமாவுல வரப்போகுதாமே! முகம் வேண்டாமாம், கை மட்டும் போதுமாம். என் வீட்டுக்காரர் கூட இதையேதான் சொல்லுவார்!" லிங்கிங் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். சலவை மருந்தில் ஊறி ஊறி அவள் விரல் மூட்டுகள் வறண்ட குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாகப் பிளந்திருந்தன.

"அருமை. இதுதான். கிட்டே போ, இன்னும் கிட்டே" என்றார் கூலிங் கிளாஸ்.

வெண்ணெய் நிற ஸ்வெட்டர் ஒன்றை அவள் மடியில் வைத்து, தடவச் சொன்னார்கள். தடவினாள். வெடிப்பில் நூல் சிக்கியது. கையை எடுக்கப் பார்த்தாள்; நூல் வெடிப்புக்குள் அறுத்துக்கொண்டு இறங்கியது.

"ஸ்ஸ்..."

ஒரு துளி சிவப்பு, வெண்ணெய் நிறத்தின் மேல் விழுந்து பரவியது.

சோப்பு பதறி எழுந்தாள். "ஐயோ, உருப்படி போச்சே! மன்னிச்சுக்குங்க சார்!"

"எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே!" கூலிங் கிளாஸ் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடா. நல்லா இருக்கே. வந்துதா? அந்தத் துளி வந்துதா? இன்னொரு தடவை அப்படியே தடவச் சொல்லு."

அக்கா கேமராவுக்கும் சோப்புக்கும் நடுவில் போய் நின்றாள்.  சிக்கிய நூலைக் கொக்கி ஊசியால் நெம்பி விடுவித்தாள். சோப்பைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், விரலைக் கழுவி, தன் மேஜையிலிருந்த சுத்தமான துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டினாள்.

"எனக்கு வலிக்கலை அக்கா. தினம் நடக்கிறதுதான்" என்றாள் சோப்பு. "அந்த ஆளு சந்தோஷப்பட்டதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாகக் காத்திருந்தது. இப்போது முகம்.

"பத்தே வார்த்தைம்மா" என்றார் கூலிங் கிளாஸ். "எத்தனை நாள் ஆச்சுன்னு நான் கேட்பேன். 'பதினெட்டு நாள், என் கையாலேயே'ன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

தம்பி சுவரோரம் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்தான். வாசலில் நின்ற இருபது பெண்களும் பார்த்தார்கள். அவர்களுடைய வேலையும் அந்தப் பத்து வார்த்தையில்தான் தொங்கியது என்று அக்காவுக்குத் தெரியாமலில்லை. உட்கார்ந்தாள்.

"இந்த ஸ்வெட்டரைப் பின்ன எத்தனை நாள் ஆச்சும்மா?"

"மெஷின்ல ஐம்பது நிமிஷம்" என்றாள் அக்கா. "லிங்கிங் பண்ண ஒண்ணேகால் மணி. அதோ அந்தப் பொண்ணுங்க பண்ணினது. துவைச்சுக் காயவெச்சு வடிவத்துல நிறுத்த ஒரு நாள். இப்போ ரத்தம் சிந்தினாளே, அவ பண்ணினது. நான் பண்ணினது நாலு நிமிஷ வேலை. இடது கையில ஒரு கண்ணைக் கெடுத்தேன். அது ஒண்ணுதான் இதுல அசிங்கமான வேலை. அதைத்தான் நீங்க வித்தீங்க."

 தம்பி கண்ணை மூடிக்கொண்டான். லிங்கிங் பெண்களில் ஒருத்தி மட்டும் யாருக்கும் கேட்காதபடி "அப்படிப் போடு" என்றாள்.

கூலிங் கிளாஸ் கைதட்டினார்.

"சூப்பர்ம்மா! கோபத்துல முகம் எவ்வளவு உயிரோட இருக்கு! நீங்க எதை வேணா பேசுங்க. உதடு அசைஞ்சா போதும். மேலே வேற குரல் போட்டுக்கலாம்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, தன் முகத்தை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டதுபோல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மகள் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். கையில் எழுதிய காகிதம். "அம்மா, ஏன்ம்மா இப்படி? மாமாவைப் பாரு. இவ்வளவுதானே: 'பதினெட்டு நாள் ஆச்சு, ஒவ்வொரு கண்ணும் என் கையாலேயே பின்னினது.' சொல்லிட்டு எழுந்து போயிடு."

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தூக்கினார். தாயைப் பார்த்தார். அதே குரலில் பேசிய மகளைப் பார்த்தார். பிறகு கூலிங் கிளாஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. எழுந்துவிட்டிருந்தாள்.

ரிப்பேர் அறைக்கு வந்து விளக்குப் பலகையைப் போட்டாள். திரும்பி வந்த ஸ்வெட்டர்களில் ஒன்றை விரித்து, முறுக்கிய கண்ணைக் கொக்கி ஊசியால் எடுத்து, நேராக்கி, நூலை இழுத்து மூடினாள். அடுத்தது. அதற்கடுத்தது. தன் வாந்தியைத் தானே அள்ளுவதுபோல் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. யாராவது வந்து திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். தம்பி வரவில்லை. மகளும் வரவில்லை. கேமராக்காரர்கள் இன்னும் கிளம்பிய சத்தம் கேட்கவில்லை.

ஏழாவது ஸ்வெட்டரை எடுத்தபோது கதவில் நிழல் விழுந்தது. கட்டுப் போட்ட விரலோடு சோப்பு நின்றாள். அவள் முகம் ஏதோ மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க இங்கேயா இருக்கீங்க?"

"வேற எங்கே இருப்பேன்?"

"இல்லை... இப்போதான் சாம்பிள் ரூம் வழியா வந்தேன். கதவு சாத்தியிருக்கு. நீங்க உள்ளே பேசிட்டிருந்தீங்க."

"நானா?"

"உங்க குரல்தான் அக்கா. பதினெட்டு நாள், கண்ணு மங்கிடுச்சு, அது இதுன்னு. எனக்கே அழுகை வந்துடுச்சு. என்னடா இது, அக்காவே இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு..."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

சாம்பிள் அறை வாசலில் தம்பி நின்றிருந்தான். லிங்கிங் பெண்களை மெஷினுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் மெஷின்கள் ஓடவில்லை. அவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தான்.

"ரெகார்டிங் போயிட்டிருக்கு. சத்தம் போடாதே அக்கா. ரெண்டே நிமிஷம்."

"தள்ளு."

அவன் ஒரு கணம் குறுக்கே நின்றான். அவள் கண்களைப் பார்த்துவிட்டு விலகினான்.

அக்கா கைப்பிடியைத் திருகினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. அவள் கதவை ஓங்கித் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டது, அவளுடைய குரல்.